வானத்தில் மிச்சம், சாலையில் செலவு

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் பழனியிலிருந்து கோவை விமான நிலையம் 100 கிலோமீட்டருக்கு மேல். காரில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்து நாம் வண்டி அனுப்பிவிடுகிறோம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணிக்குச் சிற்றுண்டி தர விதி இருக்கிறது. வெளியே காத்திருக்கும் வண்டிக்கு ஒரு விதியும் இல்லை. காத்திருப்புக் கூலியும் பார்க்கிங் கட்டணமும் நம் கல்லாவிலிருந்துதான் போகின்றன.

விமானம் கிளம்பிய பிறகு இங்கிருந்து வண்டி எடுத்தால், வருகிற வியாபாரி ஒரு மணி நேரம் வாசலில் நிற்க நேரும். ஆகவே வண்டி முன்னதாகப் போய் உடுமலைப்பேட்டையில் நிற்கட்டும். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர் போன் செய்யட்டும். அதன்பின் அங்கிருந்து நகர்ந்தால் கணக்கு சரியாக இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களில் சாலையோரம் பாதயாத்திரை பக்தர்கள் நடந்து வருவார்கள். அன்று இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அவசரமில்லாத கொள்முதலுக்கு விமானமே வேண்டாம் என்பது என் கருத்து. இரவில் சென்னையில் ரயில் ஏறினால் காலையில் பழனியிலேயே இறங்கலாம். விமானமோ, இரு பக்கத்துச் சாலைப் பயணத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால், பகலில் பாதியைத் தின்றுவிடுகிறது. தூங்கும் நேரத்தில் பயணம் செய்பவருக்குக் கடை திறக்கும் நேரம் மிச்சம். வியாபாரிக்கு அதுதானே லாபம்!