கொழுப்புக் கல்லீரல் நோய்: தோற்றது மருந்து மட்டுமா?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். அப்பக்கமாக இறங்கிவரும் ஆற்றுநீர் நகரின் குடிநீர்த் தேக்கத்தை நிரப்புகிறது. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு, சமவெளியில் நூற்பாலைகள், சற்றுத் தள்ளி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி. பிறர் காயத்துக்குக் கட்டுத்துணி தரும் இவ்வட்டாரத்தின் உழைக்கும் மக்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உட்காயம் ஏற்பட்டால் என்ன கிடைக்கிறது? கொழுப்புக் கல்லீரல் நோய் அப்படியொரு காயம்.

வலி இல்லாமல் வளரும் நோய் இது. முதலில் ஈரலில் கொழுப்பு சேர்கிறது. சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாக இறுகி, ஈரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ போய் முடிகிறது. சர்க்கரை நோயோடு ஒட்டிப் பிறந்தது போன்ற இந்நோய் மதுவினால் வருவதன்று. சென்னை நகரில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினரிடம் இதைக் கண்டது.

தோல்விகளின் வரிசை

கடந்த சில ஆண்டுகளில் இந்நோய்க்கான மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கிலியட் நிறுவனத்தின் செலோன்செர்டிப் 2019இல் இரு பெரும் சோதனைகளில் தோற்றது. பிரான்சின் ஜென்ஃபிட் நிறுவனம் உருவாக்கிய எலாஃபிப்ரனார் 2020இல் கைவிட்டது: மருந்து உண்டவர்களில் 19.2 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மாத்திரை உண்டவர்களிலேயே 14.7 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். ஒபெடிகோலிக் அமிலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020, 2023 என இருமுறை திருப்பி அனுப்பியது. அதன் கூடுதல் அளவை உண்டவர்களில் பாதிப்பேர் உடலரிப்பால் அவதிப்பட்டனர்.

இச்செய்திகள் பெரும்பாலும் வணிகப் பக்கங்களில் வந்தன. பங்கு விலை எவ்வளவு சரிந்தது என்பதே தலைப்பு. ஈரலில் ஊசி செலுத்தித் திசு எடுக்க மீண்டும் மீண்டும் உடலைத் தந்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பிய நோயாளிகள் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

முதல் வெற்றி 2024 மார்ச்சில் வந்தது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மருந்தால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே தழும்பு குறைந்தது. அறிமுக விலையோ ஆண்டுக்கு 47,400 டாலர். இந்தியாவில் சைடஸ் நிறுவனத்தின் சரோகிளிட்டசார் 2020 மார்ச்சிலேயே அனுமதி பெற்றுவிட்டது. ஆனால், நோய் இருப்பதே தெரியாதவருக்கு எந்த மருந்தும் மருந்தாகாது.

‘வாழ்க்கை முறையை மாற்றுங்கள்’

மருந்துகள் தோற்றபோதெல்லாம் மருத்துவம் ஓர் அறிவுரைக்குத் திரும்புகிறது: எடையைக் குறையுங்கள், நடங்கள், நல்ல உணவை உண்ணுங்கள். அறிவுரை தவறானதன்று. கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கண்காணித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடு குறைத்தவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது. எந்த மாத்திரையும் எட்டாத வெற்றி இது. ஆனால், அவ்வளவு எடை குறைக்க முடிந்தவர்கள் 293 பேரில் 29 பேர் மட்டுமே.

முறையான கண்காணிப்பில் இருந்தவர்களுக்கே இதுதான் நிலை என்றால், இரவு ஷிஃப்டில் பஞ்சுத் தூசிக்கிடையே நின்றுவிட்டுப் பகலில் உறங்கும் நூற்பாலைத் தொழிலாளி எதை மாற்றுவார்? விடியுமுன் குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளருக்கு நடைப்பயிற்சியை யார் பரிந்துரைப்பது? ரேஷன் அரிசி பசியை ஆற்றியது. அது ஒரு பெரும் சாதனை. எனினும் தட்டில் சோறு நிறைந்த அளவுக்குப் பருப்பும் காயும் முட்டையும் நிறையவில்லை. ‘வாழ்க்கை முறை’ என்ற சொல், வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. சாதி அந்த உரிமையை எவ்வாறு பறித்து வைத்திருக்கிறது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

ஒல்லியான உடலும் ஒட்டிய பழியும்

இந்நோய் பருமனானவர்களுக்கே உரியது என்ற எண்ணமும் பிழை. மேற்கு வங்கக் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உடற்பருமனும் இல்லை, தொந்தியும் இல்லை. மெலிந்த உழைப்பாளியைப் பார்த்ததும் ‘இவருக்கு ஃபேட்டி லிவர் இருக்காது’ என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே சான்று.

நோய் முற்றி வயிற்றில் நீர் கோத்த பிறகோ வேறொரு முடிவு காத்திருக்கிறது: ‘குடித்திருப்பான்.’ சேரியிலிருந்து வருபவரின் ஈரல் கெட்டால் மதுவே காரணம் என்று கருதும் மனப்பான்மை, பரிசோதனைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. மது அருந்தாத பெண்கள்கூட அப்பழிக்கு அஞ்சி நோயை மறைக்கிறார்கள். குடித்தவருக்கும் சிகிச்சை உரிமை உண்டு என்பது வேறு. குடிக்காதவரின் நோய் குடியின் பெயரில் தவறவிடப்படுவது வேறு. இரண்டுமே அநீதி.

கேட்க வேண்டியவை

ஒன்றிய அரசு 2021 பிப்ரவரியில் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது என்றால் ஈரல் பரிசோதனையும் வரலாம். வயது, இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கு எண்களைக் கொண்டு தழும்பின் அபாயத்தைக் கணிக்கும் எளிய முறை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்ய வேண்டும். அய்யனார் கோவில் பளியர் குடியிருப்பும் அதில் விடுபடக் கூடாது. கண்டறியப்பட்டோர் விவரத்தைச் சாதிவாரியாகத் தொகுத்து வெளியிடவும் வேண்டும்.

விலையும் விதியன்று. 2012இல் இந்தியா கட்டாய உரிமம் வழங்கியபோது, ஈரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்தின் மாதச் செலவு 2.8 லட்சம் ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2025 ஆகஸ்டில் இந்நோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்ற செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பின் வரும் மலிவு மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தேவைப்படும் ஈரல் நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவோடு போராடினார். அவர் தலைமையில் வரைவான அரசமைப்பின் 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் நலவாழ்வையும் உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது. மருந்து தோற்பது அறிவியலில் இயல்பு. அடுத்த சோதனை நடக்கும். அதுவரை நோயாளியைக் கண்டறியாமலும் பழித்தும் கைவிடுவதற்கு அறிவியல் பொறுப்பல்ல; நாமும் நம் அரசுகளுமே பொறுப்பு.