தூங்க வைக்க ஒரு தகரக் குழல் போதாதா?

டின் விசில் என்றதும் குக்கரையும் பஸ் கண்டக்டரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்துக்காரர்கள் ஊதும் ஆறு துளைக் குழல் அது. பரவலாகப் புழங்கும் டி சுருதிக் குழல் கிட்டத்தட்ட ஒரு ஸ்கேல் நீளம்தான் இருக்கும். புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடிக்காமல் நாதஸ்வரம் மாதிரி நேராகப் பிடித்து ஊத வேண்டும். விலையும் சல்லிசு. 1843-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்பவர் தகரத் தகட்டில் இதைச் செய்து விற்க ஆரம்பித்ததே, காசில்லாதவனும் வாங்கட்டும் என்கிற கணக்கில்தான் போலிருக்கிறது. 'பென்னி விசில்' என்ற பெயரே அதைச் சொல்கிறது.

இதைக் குழந்தையைத் தூங்க வைக்க ஊதலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உடனே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "ஐயோ, காதைக் கிழிக்குமே! அது விளையாட்டுச் சாமான் ஆயிற்றே!"

காதைக் கிழிப்பது குழல் அல்ல, ஊதுகிறவரின் அவசரம். இந்தக் குழலில் இரண்டு ஸ்தாயிகள் உண்டு. ஒரே விரல் வைப்பில் மெதுவாக ஊதினால் கீழ் ஸ்தாயி, அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. ஆறு துளைகளையும் மூடி வரும் அடி ஸ்வரம் இருக்கிறதே, அதற்கு மூச்சைப் பூப்போல விட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் 'கீச்' என்று மேலே தாவிவிடும். அதாவது, கோபத்தோடும் சலிப்போடும் ஊதினால் இந்த வாத்தியம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். குழந்தை தூங்குவதற்கு முன்னால் ஊதுகிற அப்பாவின் மூச்சு அடங்கியாக வேண்டும். வேறு எந்த விளையாட்டுச் சாமான் இதைச் செய்கிறது?

கிளார்க்கின் பழைய பாணிக் குழலில் வாய் வைக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டை இருக்கும். அதனால் சத்தத்தில் கொஞ்சம் காற்று கலந்திருக்கும். கச்சேரிக்கு அது குறையாக இருக்கலாம், ராத்திரிக்கு அதுவே வசதி. அதுவும் கூர்மையாகப் படுகிறது என்பவர்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 'லோ விசில்' இருக்கிறது. 1971-ல் பெர்னார்ட் ஓவர்ட்டன், ஃபின்பர் ஃபியூரி என்ற கலைஞருக்காகச் செய்து கொடுத்தது.

சத்தம் பற்றிக் கவலைப்படுகிற இதே ஆட்கள்தான் குழந்தைக்கென்று விற்கிற 'ஸ்லீப் மெஷினை' வாங்கித் தொட்டிலில் மாட்டுகிறார்கள். 2014-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில் அப்படிப்பட்ட 14 மெஷின்களை அளந்தார்கள். முழுச் சத்தத்தில் வைத்தால் மூன்று 85 டெசிபலைத் தாண்டின. அது கண்ணுக்குத் தெரியவில்லை, தகரக் குழல்தான் உறுத்துகிறது! (குழலையும் குழந்தையின் காதருகே வைத்து ஊதக் கூடாதுதான். அறையின் மறுபக்கம் உட்கார்ந்தால் தீர்ந்தது.)

அடுத்து பாரம்பரியக் கட்சி. "சுத்தமான ஐரிஷ் மெட்டைத்தான் ஊத வேண்டும், இலக்கணப்படி ஊத வேண்டும்" என்பார்கள். பாவம். 'ஐரிஷ் தாலாட்டு' என்று உலகமே கொண்டாடும் 'டூ-ரா-லூ-ரா-லூ-ரால்' பாட்டை 1913-ல் எழுதிய ஜேம்ஸ் ராய்ஸ் ஷானன் ஒரு அமெரிக்கர். 1944-ல் பிங் கிராஸ்பி சினிமாவில் பாடி அதை ஊரெங்கும் பரப்பினார். எந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்து ஊர் பேர் விசாரித்தது?

உண்மையான பழமை வேண்டுமானால் அது வேறு இடத்தில் இருக்கிறது. ஐரிஷ் மரபில் இசையை மூன்றாகப் பிரித்தார்கள்: அழ வைப்பது, சிரிக்க வைப்பது, தூங்க வைப்பது. தூங்க வைப்பதற்கு 'சுவன்ட்ரி' என்று பெயர். தாக்டா என்ற தெய்வம் எதிரிகள் திருடிப்போன தன் யாழை மீட்டு, மூன்றையும் வாசித்து, கடைசியில் மொத்தப் படையையும் தூங்க வைத்துவிட்டுத் தப்பி வந்ததாகக் கதை. தூங்க வைப்பது அவ்வளவு பெரிய வித்தையாக இருந்திருக்கிறது. இப்போது அதை செல்போனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து டிவி பார்க்கிறார்கள்.

செல்போனுக்குக் குழந்தையின் கண் சொருகுவது தெரியாது. ஊதுகிறவருக்குத் தெரியும். குழந்தை புரண்டால் அதே அடியைத் திரும்ப ஊதுவார், கண் மூடினால் வேகத்தைக் குறைப்பார், ஒரு ஸ்வரத்தை நீட்டுவார். இதற்குப் பெரிய வித்வத் தேவையில்லை. கீழ் ஸ்தாயியில் நாலைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் ஒரு மெட்டு போதும்.

பாடத் தெரிந்தவர்கள் தாராளமாகப் பாடட்டும், குரலுக்கு ஈடு கிடையாது. ஆனால் "எனக்குப் பாட்டு வராது, நீயே தூங்க வை" என்று மனைவியிடம் குழந்தையை நீட்டிவிட்டு நழுவுகிற அப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். குரல் சரியில்லை என்பது ஒரு சாக்கு என்றால், இந்தக் குழலுக்குக் குரலே வேண்டாம். ஒரு வாரம் தப்பும் தவறுமாக ஊதட்டும். சிரித்தால் குழந்தைதான் சிரிக்கும். பத்தாவது நாள் அதே மெட்டு கேட்டதும் தலையணையைத் தேடும்.