நந்தன் ஏன் நெருப்பில் இறங்கினான்?

நந்தனார் சரித்திரத்தை நாடகமாகவோ, கதாகாலட்சேபமாகவோ, சினிமாவாகவோ கண்டு கண்ணீர் விடாதவர்கள் நம் நாட்டில் வெகு சிலரேயாவார்கள். 1935-ம் வருஷத்தில் நந்தனாராக நடிப்பதற்குக் கே.பி.சுந்தராம்பாள் அம்மையாருக்கு லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டதென்றால், அந்தக் கண்ணீருக்கு எவ்வளவு கிராக்கி இருந்ததென்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1942-ல் தண்டபாணி தேசிகரைக் கொண்டு அதே கதை மறுபடியும் படமாயிற்று. அழுகிறவர்களை நாம் குறை கூறவில்லை. அழுகையோடு அழுகையாய் எதை விழுங்கிவிட்டு அவர்கள் வீடு போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

கதையைச் சற்றுப் பார்ப்போம். ஆதனூர் நந்தன் கோவில் பேரிகைகளுக்குத் தோலும், வீணை யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவன். அவன் கொடுத்த தோல் உள்ளே போகலாம். அவன் போகக் கூடாது. திருப்புன்கூரில் அவன் வெளியே நின்றபடியே பார்ப்பதற்காகக் கல் நந்தியைச் சுவாமி விலகச் சொன்னாராம். நந்தியை விலக்கத் தெரிந்த சுவாமிக்கு, "உள்ளே வா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமற் போனதேன்?

தில்லையிலோ இதைவிட மோசம். பெரியபுராணத்தின்படி, சுவாமி நந்தன் கனவிலும், தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றி, அவனைத் தீயில் மூழ்கி வரச் செய்கிறார். அவன் வெளிவரும்போது மார்பில் பூணூலோடு முனிவனாக வருகிறான். அதன் பிறகுதான் கோவிலுக்குள் பிரவேசம். பிரவேசித்தவனும் மறைந்து போகிறான். ஆக, உள்ளே போனது நந்தனா? நந்தனாக இருந்தவரையில் அவனுக்கு வாசற்படி கிடையாது என்பதையல்லவா இக்கதை பக்தியின் பேரால் ஊர்ஜிதம் செய்கிறது?

நிற்க, சேக்கிழார் பாடாத ஒரு வேதியப் பண்ணையாரைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதைக்குள் கொண்டுவந்தார். பண்ணையாளின் கஷ்டத்தை அவர் இரக்கத்தோடு எழுதினார் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த இரக்கம் எதுவரை போயிற்று? நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் அறுத்து முடித்தால் சிதம்பரம் போகலாம் என்கிறார் பண்ணையார். சுவாமியே வந்து வேலையை முடித்துக் கொடுக்கிறார். பண்ணையாருக்கு ஒரு நெல்லும் நஷ்டமில்லை. கூலியைப் பற்றி ஒரு பேச்சுமில்லை! இப்படியொரு நிபந்தனை போட அவர் யார் என்று கேட்கவும் ஆளில்லை.

சபையோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வந்த 1935-ல், மதுரை மீனாட்சி கோவில் ஆதிதிராவிடருக்கு அடைத்தே கிடந்தது. அவர்கள் அதற்குள் நுழைந்தது 1939 ஜூலையில். சென்னை மாகாணக் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டம் 1947-ல் வந்தது. அதற்காக யாரும் குழி வெட்டித் தீ வளர்க்கவில்லை. யாரும் பூணூலோடு முளைத்து வரவுமில்லை. போனவர்கள் போன உருவத்திலேயே திரும்பி வந்தார்கள்.

கடைசியில் பண்ணையார் மனம் மாறி நந்தன் காலில் விழுகிறார் என்று பதில் சொல்லுவார்கள். விழட்டும். நந்தன் ஜோதியில் கலந்த மறுநாள் காலையில் அந்த நாற்பது வேலியும் யார் பேரில் இருந்தது? நந்தனோடு சேரியில் இருந்தவர்கள் யார் வயலுக்குப் போனார்கள்? அந்தக் காட்சி வருவதற்குள் திரை விழுந்துவிடுகிறது.