முதியோர் இல்லக் கதைகளைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

பத்தொன்பது வயதில் முதியோர் இல்லத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். மாணவர்களுக்கான போட்டியொன்றில் அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. தீபாவளிக்கு முதல் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனின் காடிக்காகக் காத்திருக்கும் ஓர் அம்மா. மகன் வரவில்லை, மழைதான் வந்தது. பரிசளிப்பில் அந்தக் கதையைப் பற்றிப் பேசிய நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை எந்த முதியோர் இல்லத்துக்குள்ளும் நான் காலடி வைத்ததில்லை. அவரும் வைத்திருக்க மாட்டார் என்றே இப்போது தோன்றுகிறது.

இந்தக் கதையை நீங்களும் எழுதியிருப்பீர்கள். எழுதாவிட்டால் வாசித்திருப்பீர்கள். மேடை நாடகமாக, பட்டிமன்றத் தலைப்பாக, அன்னையர் தினத்து வாட்சாப் கவிதையாக அது நம்மைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் எப்போதும் மூன்றே பேர்: கைவிடப்பட்ட தாய், கல்நெஞ்சு மகன், கொடுமைக்கார மருமகள். இந்தக் கதைகள் தட்டையானவை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது சின்னக் குற்றச்சாட்டு. இவை தீங்கு செய்கின்றன என்பது என் குற்றச்சாட்டு. என் அத்தையின் வலது கையை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அத்தை அப்பாவின் அக்கா. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். புருஷன் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு சுங்கை பட்டாணியில் எங்களோடு வந்துவிட்டார். மலிவு விலை அடுக்குமாடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எழுபத்தோராவது வயதில் ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அங்கிருந்த பிசியோ ஒரு தமிழ்ப் பெண். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “மொத மூணு மாசம் ரொம்ப முக்கியம் அக்கா. கை கால் திரும்பி வர்றதெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்துலதான். தினமும் பயிற்சி குடுக்குற எடமா பாத்துக் கொஞ்ச நாளைக்குச் சேத்துடுங்க.”

அன்று இரவு வீட்டில் கூட்டம் போட்டோம். ஈப்போவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். கிள்ளானிலிருந்து சித்தப்பா போனில் இருந்தார். “நம்ம குடும்பத்துல யாரையும் ஹோம்ல கொண்டுபோய்ப் போட்டதில்ல. ஊருல என்னா பேசுவாங்க?” என்றார் பெரியப்பா. சித்தப்பாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “அக்கா நம்மள தூக்கி வளத்தவங்கடா.” அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா மறுநாள் ஈப்போவுக்குத் திரும்பினார். சித்தப்பா மாதம் 200 வெள்ளி அனுப்புவதாகச் சொன்னார்.

பெரியப்பா சொன்ன அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறோம், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஹோமில் மட்டும் ‘போடுகிறோம்’. குப்பையைப் போடுவதுபோல. இந்தச் சொல்லைக் காதில் கேட்ட பிறகு எந்த மகனும் நிதானமாக யோசிக்க முடியாது. அதை அவர் காதில் ஓதியதில் என் மூன்றாம் பரிசுக் கதைக்கும் பங்குண்டு.

அத்தையை வீட்டில் வைத்துப் பார்த்தோம். நம் கதைகளில் ‘வீடு’ என்றால் வாசல் இருக்கும், முற்றத்தில் ஒரு முருங்கை மரம் இருக்கும், பேரப்பிள்ளைகள் ஓடுவார்கள். எங்கள் வீடு 650 சதுர அடி. அத்தையின் கட்டிலைப் போட்டதும் கழிப்பறைக் கதவு பாதிதான் திறந்தது. பயிற்சிக்காக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார்கள். இரண்டு தடவை அப்படிப் போனோம். மூன்றாம் தடவை அவர்களைக் கேட்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அதோடு அத்தை தரையைப் பார்க்கவில்லை.

தூக்கியவர் அம்மா. வயது ஐம்பத்தொன்பது, இனிப்பு நீர், இரண்டு முட்டியிலும் வலி. விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவும் என்பது எங்களுக்குத் தெரியாது. தோள் நழுவியது. விரல்கள் மெல்ல மடங்கி முட்டியாகிவிட்டன. ஏழாவது வாரம் முதுகுத்தண்டின் அடியில் ஐம்பது காசு அளவில் ஒரு புண்ணை அம்மா பார்த்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அன்பு இல்லாத வீட்டில் நடந்த விஷயமல்ல இது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். அதற்குப் பாசம் போதாது, ஆட்கள் வேண்டும். நம் கதைகளில் மருமகள் எப்போதும் வில்லி. தன் நாத்தனாரின் படுக்கைப்புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பற்றி நான் இதுவரை ஒரு கதையும் வாசிக்கவில்லை.

அதன் பிறகுதான் இடம் தேடினோம். அதுவும் திருட்டுத்தனமாக. வெட்கம் என்ன செய்யும் தெரியுமா? யாரிடமும் விசாரிக்க விடாது. தீமுன் வாங்குவதற்குக்கூடப் பத்துப் பேரிடம் எது நல்ல தோட்டம் என்று கேட்கிற நாம், பெற்றவரைச் சேர்க்கும் இடத்தை ஒருவரிடமும் கேட்காமல் முடிவு செய்கிறோம். நாங்கள் முதலில் போன இடத்தில் வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது, பிள்ளையார் படம் இருந்தது. நடத்துபவர் தமிழர். அப்பா அவர் முன்னால் அழுதார். “கவலப்படாதீங்க. எங்க அம்மா மாதிரி பாத்துக்குவோம்” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக முன்பணம் கட்டினோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். மோசமான இல்லங்களுக்கு நம் கண்ணீர்தான் மூலதனம்.

‘பிசியோ உண்டு’ என்று அவர்கள் சொன்னது மூலையில் கிடந்த ஒரு மிதி இயந்திரத்தை. அதன்மேல் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு பேருக்கு இரவில் ஒரே ஒரு பெண். ஒருநாள் சொல்லாமல் போனபோது அத்தையின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் குவளை பக்கத்து மேசையில்தான் இருந்தது, முழுசாக. ஆனால் வலது பக்கம் வைத்திருந்தார்கள். அந்தக் கையை அவரால் அசைக்கவே முடியாது. பதினாறாம் நாள் வெளியே கூட்டி வந்துவிட்டோம்.

இரண்டாம் தடவை தேடும்போது நான் அழவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். அதில் எழுதியவற்றை இங்கே சொல்கிறேன். என்றைக்காவது உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படியுங்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் (சட்டம் 506) கீழ் சமூகநல இலாகாவில் பதிந்த இடம் வேறு. 1998ஆம் ஆண்டுச் சட்டம் 586இன் கீழ் சுகாதார அமைச்சிடம் உரிமம் பெற்ற நர்சிங் ஹோம் வேறு. முன்னது தங்க வைத்து, சோறு போட்டு, பார்த்துக்கொள்ளும் இடம். மூக்கில் டியூப், புண், ஊசி என்று இருப்பவருக்குப் பின்னதுதான் பொருந்தும். இரண்டுமே இல்லாமல் தாமான் வீட்டுக்குள் நடக்கும் இடங்களும் உண்டு. முதியோர் பராமரிப்புக்கென்றே 2018இல் சட்டம் 802 அரசிதழில் வந்தது, வந்தும் வருடக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. தாய்ப்பாசத்தைப் பற்றி நூறு மேடைப்பேச்சு கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்ட ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், அது அவர்கள் வரச்சொல்லும் நேரம். சாயங்காலம் சாப்பாட்டு வேளையில் போங்கள். ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு திணிக்கிறாரா என்று பாருங்கள். இரவு எட்டு மணிக்கு இன்னொரு தடவை போய் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணுங்கள். நடுராத்திரியில் டியூப் கழன்றால் யார் போடுவார், அவர் பதிவு பெற்ற மிஸ்ஸியா என்று கேளுங்கள். படுத்திருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள், புண் அங்கேயும் தொடங்கும். திருப்பிப் படுக்க வைத்த நேரத்தை எழுதும் தாள் இருக்கிறதா, அதில் நேற்றிரவின் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா, ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியதுபோல் இருக்கிறதா? பிசியோ வாரம் எத்தனை நாள், ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம், தனியாகவா கும்பலாகவா? ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நேரில் பாருங்கள். இடுப்பில் பட்டை கட்டித் தூக்குகிறார்களா, கையைப் பிடித்து இழுக்கிறார்களா? எல்லாம் போக, மாதக் கட்டணத்தில் பெம்பர்ஸ் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். மாதக் கடைசியில் கழுத்தை நெரிப்பது அதுதான்.

ஒன்பது இடம் பார்த்து ஒன்றில் சேர்த்தோம். மீன் தொட்டி இல்லை, சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. தாள்களில் கட்டங்கள் நிரம்பியிருந்தன. அத்தையைப் பார்த்துக்கொண்டவர் மேடானிலிருந்து வந்த பெண். அம்மா தண்ணி, வலி, போதும், குளுருது என்று பத்துச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டே நாளில் அவற்றைக் கற்றுக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சியில்தான் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. அவர்கள் கொண்டுவந்த பட அட்டைகளில் மலாய் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இல்லை. படங்களில் ஸ்ட்ராபெரி, பியானோ, பனிமனிதன். அத்தை அவற்றை வெறித்துப் பார்த்தார். நான் வீட்டில் உட்கார்ந்து உளி, மங்கு, வாளி, ஏணி, லயத்து வீடு என்று வரைந்து எடுத்துப்போனேன். மூன்றாவது வாரம் மங்கைப் பார்த்து “ம” என்றார். தமிழ் வாழ்க என்று எத்தனையோ முறை மேடையில் முழங்கியிருக்கிறேன். மொழி ஒருவரை விட்டுப் போகும்போது அதைத் திரும்பக் கொண்டுவர இருபது பட அட்டை தேவைப்படும் என்பது அதுவரை என் தலையில் உதிக்கவில்லை.

“வசதி இருக்குறவங்க பேசுற பேச்சு” என்று ஒரு நண்பர் சொன்னார். மாதம் 2,800 வெள்ளி, நான்கு மாதம். அப்பாவின் சேமநிதியும் என் சம்பளமும் அதில் கரைந்தன. நண்பர் சொன்னது நியாயம்தான். ஆனால் காசில்லாதவர்களின் கோபம் எங்கே போக வேண்டும்? அரசின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் நாதியற்ற, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய முதியோருக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் ஆதரவற்றவர்களுக்கு ருமா எஹ்சான். மலாக்காவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையம் சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு. முப்பது வருடம் மரம் வெட்டி ஓய்ந்த அத்தை இதில் எதிலும் அடங்கமாட்டார். ஏனென்றால் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார், தம்பிக்கு மனைவி இருக்கிறாள். அந்த மனைவியின் முதுகெலும்புதான் நம் நாட்டின் முதியோர் பராமரிப்புத் திட்டம். ‘நம்ம பண்பாட்டுல பெத்தவங்கள வீட்டுலதான் வச்சுப் பாப்போம்’ என்று நாம் பெருமை பேசும்போதெல்லாம், அந்தத் திட்டத்துக்குக் கையொப்பம் போடுகிறோம்.

கைவிடும் பிள்ளைகளே கிடையாது என்று நான் சொல்லவில்லை. முதல் இல்லத்தில் இரண்டு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தாத்தா இருந்தார். அவரைப் பற்றி எழுதுங்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்து எழுதுங்கள். அவர் ஜன்னலோரம் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை நான்கு மாதத்தில் நாலுகால் தடியோடு நடந்து வெளியே வந்தார். இப்போது தரைத்தள வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். ஏறக்குறைய அறுபது சொற்கள் பேசுகிறார், அதில் இரண்டு கெட்ட வார்த்தை. வலது கை திரும்பவில்லை. முதல் நாளிலிருந்தே பயிற்சி கொடுத்திருந்தாலும் திரும்பியிருக்குமா என்பதை எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். அந்த ஏழு வாரத்தை நாங்கள் கௌரவத்துக்குக் கொடுத்தோம் என்பது மட்டும் உறுதி.

அடுத்த போட்டிக்குக் கதை எழுத உட்காரும் முன் ஒரு மாலை உங்கள் ஊரில் இருக்கும் ஒரு இல்லத்துக்குப் போங்கள். பழக்கூடையும் கேமராவும் வேண்டாம். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்க் குவளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தப்பான பக்கம் இருந்தால் மாற்றி வைத்துவிட்டு, ஏன் அப்படி இருந்தது என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.