கொடையும் கூலியும்

குவைத் விடுதலை பெற்றது 1961 ஜூன் 19-இல். அந்த ஆண்டின் கடைசி நாளிலேயே அரபுப் பொருளாதார வளர்ச்சிக்கான குவைத் நிதியம் தொடங்கப்பட்டது. முதலில் அரபு நாடுகளுக்கு மட்டும் கொடுத்த நிதியம், 1974-க்குப் பிறகு எல்லா வளரும் நாடுகளுக்கும் கொடுக்கிறது. இலங்கையின் களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தில் அதன் பணம் உண்டு. ஆனால் அது தானம் அன்று. குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் உள்ள கடன். தானம் தனியார் வழியேயும் போனது. குவைத் மருத்துவர் அப்துல் ரஹ்மான் அல் சுமைத் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் தங்கிக் கிணறுகள் வெட்டினார், பள்ளிகள் கட்டினார்.

இத்தகைய உதவி வாங்கும் நாட்டைத் தூக்கிவிடுகிறதா, முடக்கிப்போடுகிறதா என்பதற்கு இந்தியாவிலேயே இரண்டு விதமான சான்றுகள் இருக்கின்றன.

1956 முதல் பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. பசியாறியது உண்மை. மலிவான கோதுமை வந்து குவிந்தால் உள்ளூர் விளைச்சலுக்கு விலை கிடைக்காது, உழவர் ஊக்கம் இழப்பார் என்று பொருளியலாளர் ஷுல்ட்ஸ் 1960-லேயே எச்சரித்திருந்தார். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தபோது வேறொரு ஆபத்தும் தெரிந்தது. வியட்நாம் போரை இந்தியா குறைகூறிய காலம் அது. அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக விடாமல் மாதாமாதம் அளந்து விட்டார். அடுத்த கப்பல் வருமா என்று ஒரு நாடே கடலைப் பார்த்துக் காத்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக்கோதுமை வரவழைத்தார். தானியத்தை வாங்கித் தின்றது ஒரு வழி. விதையை வாங்கி விதைத்தது இன்னொரு வழி.

மறுபக்கச் சான்று பள்ளிக்கூடச் சத்துணவு. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் தந்த அரிசியும் அரசுப் பணமும்தான் அடுப்பை எரித்தன. அமெரிக்காவின் கேர் அமைப்பு தந்த பால் பவுடரும் மக்காச்சோள ரவையும் எண்ணெய் டின்களும் 1961-இல்தான் வந்து சேர்ந்தன. அந்த ரவையில் கிண்டிய மஞ்சள் உப்புமாவின் மணத்தை இன்றும் மறக்காதவர்கள் உண்டு. திட்டம் தமிழ்நாட்டினுடையது, உதவி அதற்குத் துணை. அதனால்தான் 1982-இல் எம்.ஜி.ஆர். அதை மாநிலச் செலவிலேயே விரிவாக்க முடிந்தது.

வளைகுடாவைப் பொறுத்தவரை கொடையைவிடக் கூலியே பெரிது. உலக வங்கிக் கணக்குப்படி 2023-இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு, வளைகுடா உட்பட வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 65,600 கோடி டாலர். பணக்கார அரசுகள் தந்த வளர்ச்சி உதவி அதில் பாதிகூட இல்லை. இந்தப் பணம் அமைச்சகம் வழியாகப் போவதில்லை. பள்ளிக் கட்டணமாக, தங்கையின் நகையாக, அடகு மீட்ட நிலமாக நேரே வீட்டுக்குப் போகிறது. எந்த நாடும் இதற்கு நிபந்தனை விதிக்க முடியாது.

ஆனால் அதன் விலை கூடுதல். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃபில் அடுக்குமாடித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் தீப்பிடிக்கும் பொருளால் ஆனவை. மாடிக்கு ஓடியவர்கள் அங்கே கதவு பூட்டியிருக்கக் கண்டார்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியரின் உடல்களைக் கொண்டுவந்தது. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர்.

வளைகுடா நாடுகள் வளரும் நாடுகளுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அந்நாடுகளின் மக்கள் உறங்கும் கட்டடங்களைப் பாதுகாப்பதுதான். குவைத் அரசு ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பையும் சோதித்து, முடிவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு இந்தியத் தூதரகத்துக்கு உண்டு.