மாட்மார்க்: இயற்கையின் தலையில் போட்ட பழி

1965 ஆகஸ்ட் 30. ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் வாலே மாகாணத்தில் மாட்மார்க் என்ற மலைப் பிரதேசம். மின்சார உற்பத்திக்காக அங்கே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலை 5 மணி கடந்து சில நிமிஷங்கள். மேலே மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருந்த அலாலின் பனியாற்றின் நுனி உடைந்தது. சுமார் 20 லட்சம் கன மீட்டர் பனிக்கட்டியும் கல்லும் தொழிலாளரின் கொட்டகைகள் மீதும் பட்டறைகள் மீதும் சாப்பாட்டுக் கூடத்தின் மீதும் விழுந்தன. 88 பேர் மாண்டனர். அவர்களில் 56 பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். 23 பேர் ஸ்விட்ஸர்லாந்துக்காரர். மற்றவர் ஸ்பெயின், ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டினர். ஒருவருக்கு எந்த நாட்டுப் பிரஜா உரிமையும் இல்லை.

"இயற்கையின் கோபம், யார் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

பனியாறு என்பது அசையாத பாறை அல்ல. மலையில் வருஷக்கணக்கில் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. கோடையில் மேற்பரப்பு உருகுகிறது. அந்த நீர் வெடிப்புகள் வழியே இறங்கிப் பனியின் அடிவரை செல்கிறது. அங்கே வடிய வழி போதாவிட்டால் பாறைக்கும் பனிக்கும் இடையே தேங்கி, அழுத்தம் ஏறி, மேலே உள்ள பனியையே தாங்கித் தூக்கப் பார்க்கிறது. பிடிமானம் குறைகிறது, பனி வேகமாக வழுக்குகிறது. வறண்ட வயலில் நகராத பரம்புப் பலகை, தண்ணீர் நின்றால் வழுக்கிக்கொண்டு ஓடுவதை நமது விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். நீர் தனக்கென வாய்க்கால் அறுத்துக்கொண்டு வடிந்துவிட்டால் அழுத்தம் தணியும்; வேகமும் குறையும்.

அலாலின் பனியாற்றின் நுனி செங்குத்தான பாறைச் சரிவில் இருந்தது. உடைவதற்கு முன் இரண்டு மூன்று வாரங்களாக அது வேகமாக வழுக்கி வந்தது என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சியில் தெரிய வந்தது. கோடை முடிவில், உருகு நீர் மிகுந்த காலத்தில், இப்படி வேகம் எடுப்பது அதன் வழக்கம் என்பதும் தெரிந்தது.

உடையும் நாளை முன்கூட்டியே குறித்திருக்க முடியாது என்பது மெய்தான். நாள் குறிக்கத்தான் விஞ்ஞானம் வேண்டும்; பனியாற்றின் நேர் கீழே கொட்டகை போடாமல் இருக்க விஞ்ஞானம் எதற்கு? அந்தப் பனியாறு முற்காலத்தில் பள்ளத்தாக்கை அடைத்து, தேங்கிய ஏரி உடைந்து, 1633லும் 1680லும் பெருவெள்ளம் வந்தது அவ்வூர்ச் சரித்திரம். வேலைத்தலத்துக்குப் பக்கமாக ஆட்களைத் தங்கவைத்தால் நேரமும் செலவும் மிச்சம். அந்த மிச்சத்துக்கு 88 உயிர்கள் விலை!

1972ல் வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. முன்கூட்டி அறிய முடியாத விபத்து என்பது தீர்ப்பு. அப்பீல் செய்த குடும்பங்களும் தோற்றன. அதோடு விட்டார்களா? கோர்ட்டுச் செலவில் பாதியை அந்தக் குடும்பங்களே கட்டவேண்டும் என்றார்கள்!

அதே வாலே மாகாணத்தில், 2025 மே 28ல், பிர்ச் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தைப் புதைத்தது. மலைப்பாறைகள் பனியாற்றின் மேல் குவிந்ததையும் அதன் வேகம் ஏறியதையும் அளந்து பார்த்து, சுமார் 300 பேரைச் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் இறந்தார்; ஊர் போயிற்று; மற்ற ஜனங்கள் பிழைத்தார்கள். பனியை யாரும் தடுக்கவில்லை. மனிதரை அப்புறப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

நமது நாட்டிலும் 2021 பிப்ரவரி 7ல் உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியும் சரிந்து 200க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அங்கே சரிவின் காரணம் வேறு. ஆனால் பலியானவர்களில் பெரும்பகுதி, மாட்மார்க்கைப் போலவே, மின்சாரத் திட்டங்களில் வேலை செய்த தொழிலாளர்கள்.

அணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; மின்சாரம் வேண்டும். ஆனால் வேலைத்தலத்தின் மேலே என்ன தொங்குகிறது, அது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது இன்ஜினீயரின் மேஜைக்குள் அடைபட்டிருக்கக் கூடாது. கீழே நின்று வேலை செய்கிறவன் அதை அறியவேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் கூலி இழக்காமல் விலகி நிற்கும் உரிமை அவனுக்கு வேண்டும். பனியின் அடியில் ஓடும் நீர் கண்ணுக்குத் தெரியாது. பனியின் கீழே போட்ட கொட்டகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.