வானத்தைப் பார்க்கும் விளக்கு

புதுக்கடையில் எங்கள் ஒழுங்கைக்கு இந்த வாரம் புது எல்ஈடி விளக்குகள் பூட்டிவிட்டார்கள். வெளிச்சத்தோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பாதையைக் காட்ட வேண்டிய விளக்கின் பாதி வெளிச்சம் மேலே போகிறது. மொட்டைமாடியில் நின்றால் வானம் சாம்பல் நிறம். இருட்டை யாரும் சொத்தாக நினைப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

லடாக்கின் ஹன்லேயில் நினைக்கிறார்கள். 2022இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்ச்சனம் ஜன்னலுக்குத் தடித்த திரை போடுகிறது, விளக்குக்கு மூடி போடுகிறது. அங்கே ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்தில், 21 மீற்றர் குறுக்களவுள்ள 'மேஸ்' தொலைநோக்கியை 2024 ஒக்டோபரில் திறந்தார்கள்.

அது தேடுவது காமாக் கதிர். ஆனால் அந்தக் கதிர் தரைக்கு வந்து சேர்வதேயில்லை. மேல் வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாகச் சிதறுகிறது. காற்றில் ஒளி போகும் வேகத்தை அந்தத் துகள்கள் முந்தும்போது நீல ஒளி வெட்டுகிறது. செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரந்தான் அதற்கு ஆயுள். தரையில் சுமார் 250 மீற்றர் அகல வட்டத்தில் அது விழும். அதற்குள் எங்கே கண்ணாடி நின்றாலும் பிடித்துவிடலாம். இத்தனை பெரிய வலையை எந்தச் செய்மதியிலும் கட்டி அனுப்ப முடியாது. முழு நிலவு காய்ந்தாலே இந்த ஒளி அமுங்கிவிடும் என்பதால், நமக்குப் போயா விடுமுறை வரும் இரவுகளில் இத்தகைய தொலைநோக்கிகளும் பெரும்பாலும் ஓய்வெடுக்கின்றன.

1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கல்பிரெய்த்தும் ஜெல்லியும் இந்த ஒளியை முதன்முதலில் பிடித்தது, குப்பைத் தொட்டிக்குள் வைத்த 25 சென்ரிமீற்றர் கண்ணாடியால். எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானக் கருவி அந்தத் தொட்டி! நாற்பது ஆண்டு கழித்து, அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி மார்க்கேரியன் 421 என்ற அண்டத்திலிருந்து இத்தகைய கதிர்களைக் கண்டது. தூரம் சுமார் 40 கோடி ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள கருந்துளையருகே இருந்து பீறிடும் தாரை நம்மை நோக்கியே வருகிறது. 1996 மேயில் ஒருநாள் அது அரை மணித்தியாலத்துக்குள் பொங்கி அடங்கியது. பொங்கிய இடம் ஓர் அண்டத்தின் அளவாக இருந்தால் அவ்வளவு விரைவில் அடங்காது. மிகச் சிறிய மூலையாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே, ஒரு பாடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்.